குடியிருந்துகொண்டே பழுதுபார்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய அடுக்குமாடிகளைப் பழுதுபார்ப்பது குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. வீட்டைக் காலி செய்ய வழியில்லாமல், குழந்தைகளும் முதியவர்களும் உள்ளே இருக்கும்போதே சாரம் கட்டி உடைத்துப் பூசும் வேலை நடக்கிறது. சாரத்தின்மேல் நிற்பவரும் அதன் அடியில் நடந்து போகிறவரும் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவரைக் காக்கும் ஏற்பாடுதான் மற்றவரையும் காக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எல்லாக் கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு 1988ஆம் ஆண்டு கட்டப்பட்டது, கடற்கரை அருகில் இருக்கிறது. தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், அதற்கு மேல் மூன்று மாடிகள். கீழ்த்தளத் தூண்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. ஒப்பந்ததாரர், "யாரும் காலி செய்ய வேண்டியதில்லை, நாலு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: வெளிப்பூச்சு, சன்ஷேடு, குழாய் மாற்றுதல், வண்ணம் போன்ற வேலைகளுக்கு அவர் சொல்வது பொருந்தும். தூண், உத்திரம், தளம் ஆகிய மூன்றுக்கும் அவர் வாய்வார்த்தை போதாது. ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு எழுத்தில் தர வேண்டும். அந்தப் பொறியாளர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

காரணத்தைச் சொல்கிறேன். கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியின் மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. பழுதுபார்க்கும்போது அந்தக் கெட்டுப்போன பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரை செதுக்கி எடுத்தாக வேண்டும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது 230 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர் அளவுள்ள தூண்கள் மிகச் சாதாரணம். நான்கு பக்கமும் 40 மில்லிமீட்டர் செதுக்கினால் மிஞ்சுவது 150க்கு 220. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தூணின் குறுக்குப் பரப்பில் பாதிகூட மீதமில்லை. ஆனால் மேலே மூன்று மாடியும், அவற்றில் உள்ள பீரோக்களும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே செதுக்கத் தொடங்கும் முன்பே அந்தத் தூணைச் சுற்றி முட்டு, அதாவது பாரம் தாங்கும் தற்காலிகக் கம்பங்கள் கொடுத்து, ஜாக்கியைத் திருகி இறுக்கி, பாரத்தை முட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். சும்மா நிறுத்தி வைத்த முட்டு எந்தப் பாரத்தையும் தாங்காது. மேல்மாடித் தூணிலோ உத்திரத்திலோ வேலை என்றால், அந்த மாடியில் மட்டும் முட்டு நிறுத்தினால் அதன் பாரம் கீழ்மாடித் தளத்தின் நடுவில் போய் இறங்கும். ஆகவே ஒவ்வொரு மாடியிலும் நேர்கீழே முட்டு வைத்துத் தரைவரை கொண்டுவர வேண்டும். இதற்கு நடுவில் உள்ள வீடுகளின் கூடத்திலும் படுக்கையறையிலும் முட்டு நிற்கும். அந்த வீட்டார் அந்த நாட்களில் அங்கே இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் தூண்களை ஒரே நேரத்தில் செதுக்கக் கூடாது. புதிதாக ஊற்றிய கான்கிரீட் வலிமை பெற்றது என்று பொறியாளர் எழுதித் தரும் நாள்வரை முட்டைத் தளர்த்தக் கூடாது. வண்டி நிறுத்த இடமில்லை என்று யாரோ ஒருவர் இரவில் முட்டை நகர்த்திவைக்கும் பழக்கம் நம் குடியிருப்புகளில் உண்டு. அது கொலைக்குச் சமமான செயல் என்பதைக் கூட்டம் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

2022 பிப்ரவரி 10 அன்று ஹரியானா மாநிலம் குருகிராமில், 109ஆவது செக்டாரில் உள்ள உயரமான அடுக்குமாடி ஒன்றில், ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் பெயர்ந்து விழுந்தது. அந்தப் பாரத்தைத் தாங்காமல் அதன் கீழிருந்த தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முதல் மாடிவரை சரிந்தன. தத்தம் வீட்டுக்குள் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். பின்னர் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வு செய்தபோது கான்கிரீட்டில் குளோரைடு உப்பும் கம்பிகளில் துருவும் கண்டறியப்பட்டன. உள்ளுக்குள் பலவீனமான கட்டடத்தில் ஒரு வீட்டில் செய்யும் வேலை, அதைப் பற்றி ஏதும் அறியாத மற்ற வீடுகளையும் பாதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று நம் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து தரைமட்டமானது. ஆனால் விரிசலைக் கண்டவுடன் மக்கள் வெளியேறியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எனவே வேலை நடக்கும் நாட்களில் புதிய விரிசல், திடீரென்று மாட்டிக்கொள்ளும் கதவு, வளைந்த முட்டு, மேலிருந்து உதிரும் துகள், முறியும் ஓசை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்வது அதற்குப் பிறகு. வேலையை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி, படிக்கட்டின் அருகில் ஒட்டிவையுங்கள். சங்கச் செயலாளர் வெளியூர் போயிருந்தால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, பச்சை வலை போர்த்தியிருக்கிறார்கள். வலை இருப்பதால் ஆள் விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் என்கிறார் மேஸ்திரி. இரும்புச் சாரம்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டுமா?
— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: அந்த வலை ஆளைத் தாங்காது. நாற்றங்காலுக்கு நிழல் தரவும் தூசியைத் தடுக்கவும் செய்யப்பட்ட வலை அது. சிறு காரைத் துண்டுகளை நிறுத்தும். மனிதர் விழுந்தால் கிழிந்துவிடும். ஆள் தாங்கும் வலை என்பது தடித்த கயிற்றில் பின்னிச் சோதித்துச் சான்று தரப்படும் வேறொரு பொருள். மேஸ்திரி சொன்னதை அங்கு வேலை செய்யும் இளைஞர்களும் நம்பியிருப்பார்களே என்பதுதான் என் கவலை.

கம்பா இரும்பா என்ற கேள்விக்கு என் விருப்பம், மூன்று மாடிக்கு மேல் இரும்புச் சாரமே. அதற்காக, இரும்பு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3696 சாரத்துக்கும் ஏணிக்குமான பாதுகாப்பு விதிகளைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். நீங்களே கீழே நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. சாரத்தின் கால்கள் மண்ணில் நேராக ஊன்றாமல் பலகைமேலோ இரும்புத் தட்டின்மேலோ நிற்க வேண்டும். நடைபலகை இடைவெளியில்லாமல் நெருக்கமாகவும் இரு முனையிலும் கட்டப்பட்டும் இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரே ஒரு பலகையைப் போட்டு, அதையே இடத்துக்கு இடம் மாற்றி வேலை பார்ப்பதுதான் பல விபத்துகளின் வேர் என்று துணிந்து சொல்வேன். இடுப்பளவில் கைப்பிடிக் கம்பும், கரண்டியோ செங்கல்லோ உருண்டு கீழே விழாதபடி பலகை ஓரத்தில் சாணுயரத் தடுப்பும் வேண்டும். சாரத்தை ஜன்னல் கம்பியிலும் மழைநீர்க் குழாயிலும் கட்டியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். தூணிலோ உத்திரத்திலோ பொருத்திய பிடிப்பில்தான் அதைக் கட்ட வேண்டும்.

இடுப்பு வாரை மட்டும் நம்பாமல் உடல் முழுதும் பிடிக்கும் பாதுகாப்பு வார் போட வேண்டும். அந்த வாரின் கொக்கியை மாட்டும் கயிறு சாரத்திலிருந்து தனியாக, மொட்டை மாடியில் உறுதியான தூணில் கட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவர் வெறும் செங்கல் அடுக்கு. கயிற்றை அதில் கட்டினால் ஆளோடு சுவரும் வரும்.

வலையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் வாங் ஃபுக் கோர்ட் என்னும் குடியிருப்பில், மக்கள் உள்ளே வசிக்கும்போதே வெளிப்புறச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டுக் கட்டடங்களையும் மூங்கில் சாரம் சூழ்ந்திருந்தது. அதன்மேல் வலை போர்த்தி, ஜன்னல்களை உடையாமல் காக்க நுரை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். தீப்பிடித்தபோது வலையும் அட்டையும் அதை ஏழு கட்டடங்களுக்குக் கொண்டுபோயின. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ எச்சரிக்கை மணிகள் முறையாக வேலை செய்யவில்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். ஜன்னல் அடைபட்டிருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியில் நடப்பது தெரியாமல் போனது எத்தனை கொடுமை!

நம் நான்கு மாடிக் கட்டடத்துக்கு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். பச்சை வலை பிளாஸ்டிக்கால் ஆனது, அதுவும் எரியும். தீப்பற்றாத வகை வலை என்று சான்று கேளுங்கள். வலைக்கு அருகில் வெல்டிங் செய்வதற்கும் பீடி சிகரெட் பிடிப்பதற்கும் தடை வேண்டும். ஜன்னல்களை நெகிழித் தாளால் மூடினால் உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்க முடிய வேண்டும். படிக்கட்டில் சிமெண்ட் மூட்டையையோ பெயிண்ட் டப்பாவையோ ஓர் இரவுகூட வைக்க விடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது, மாமனாருக்கு ஆஸ்துமா. மேல்வீட்டில் சுவரை உடைக்கிறார்கள். தூசியால் வீட்டில் மூச்சு விட முடியவில்லை. உடைக்கிற தம்பி முகத்தில் ஒரு கைக்குட்டையைத்தான் கட்டியிருக்கிறார். தண்ணீர் தெளித்தால் போதுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் வீட்டாரோடு அந்தத் தம்பியையும் நினைத்து எழுதியதற்கு நன்றி. உங்களைவிட அவருக்குத்தான் கேடு அதிகம். செங்கல், கான்கிரீட், டைல்ஸ், கிரானைட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. கைக்குட்டை இதைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம், முகத்தோடு ஒட்டிப் பொருந்தியிருந்தால் தடுக்கும்.

தண்ணீர் தெளிப்பதை உடைத்து முடித்த பின் செய்வதால் பயன் குறைவு. வெட்டும் இடத்திலேயே, வெட்டும்போதே தண்ணீர் விழ வேண்டும். ஆனால் ஈரத்தில் மின்கருவி பிடிப்பவருக்கு மின்சாரம் பாயாதிருக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை நடக்கும் அறையின் வாசலைத் தடித்த நெகிழித் தாளால் மூடி, ஜன்னல் பக்கம் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தால் தூசி படிக்கட்டுக்கு வராது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது படிந்த தூசியை மறுபடி கிளப்பிவிடும். ஈரத் துணியால் துடையுங்கள். மாமனாரை அந்தச் சில நாட்களுக்கு உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது. மேல்வீட்டுக்காரரிடம் உடைக்கும் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

மகளுக்காக இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது பழைய பெயிண்ட். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் அடித்த எனாமலில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் பொடி தரையில் படியும். தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகக் கெடுக்கும். ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்; தீயால் சுட்டு உரிக்க விடாதீர்கள்.

இரண்டாவது, பழைய கட்டடங்களின் கழிவுநீர்க் குழாயும் மழைநீர்க் குழாயும். சாம்பல் நிறத்தில், சிமெண்ட் போலத் தோன்றும் அவை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் கலந்த சிமெண்டால் ஆனவை. சும்மா இருக்கும்வரை தொல்லையில்லை. சுத்தியலால் உடைத்தாலோ கட்டரால் அறுத்தாலோ கல்நார் இழைகள் காற்றில் பறக்கும், அவற்றால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். நனைத்து, இணைப்பைக் கழற்றி, முழுக் குழாயாகக் கயிற்றில் கட்டி இறக்கி, தடித்த நெகிழியில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். மேலிருந்து கீழே போட்டு உடைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

கேள்வி: உடைத்த இடிபாடுகளை வண்டி வரும்வரை பால்கனியில் குவித்து வைக்கலாமா? லிஃப்டில் இறக்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் கூடாது. குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்கும், பால்கனி 300 கிலோவுக்கும் வடிவமைக்கப்படுகிறது. ஓரடி உயரம் குவித்த செங்கல் காரை இடிபாடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ வரும். மழை பெய்து நனைந்தால் இன்னும் கூடும். துருப்பிடித்த கம்பியுள்ள பால்கனி என்றால் சொல்லவே வேண்டாம். அன்றன்று மூட்டையில் கட்டி, மூடிய சரிவுக்குழாய் வழியாகவோ ஆள் சுமந்தோ கீழே இறக்க வேண்டும். சரிவுக்குழாயின் அடிவாயைச் சுற்றி வேலி வேண்டும்.

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் பாட்டனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. கீழே இரண்டு குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கின்றன. மேல்தளம் ஒழுகுகிறது, சில சட்டங்களில் கரையான். பழையபடி சுண்ணாம்பிலேயே செய்ய ஆசை. ஒவ்வோர் அறையாக, வாடகைதாரரை அடுத்த அறைக்கு மாற்றி வேலை செய்யலாம் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், சென்னை

பதில்: பழைய முறையிலேயே செய்ய நினைக்கிறீர்களே, மகிழ்ச்சி. ஆனால் அறை மாற்றும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்கள் இரண்டு பக்கச் சுவரிலோ நடுவிலுள்ள பெரிய உத்திரத்திலோ உட்கார்ந்திருக்கும். அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டுத் திமிசுக்கட்டையால் அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். உத்திரத்தின் இந்தப் பக்கத்துத் தளத்தைப் பிரிக்கும்போது அந்தப் பக்கத்து அறையின் தளமும் அசையும். அடுத்த அறை என்பது தனிக் கூரை அல்ல. வேலை முடியும்வரை இரண்டு குடித்தனத்தாருக்கும் வேறு வீடு பார்த்துக் கொடுத்து, வாடகை வித்தியாசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதே முறை.

சட்டம் வெளியில் பார்க்கக் கெட்டியாகத் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் ஈரம் தங்கி உளுத்திருக்கும். சுவரை ஒட்டி நீண்ட திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தச் சட்டம் எந்த நேரமும் நழுவும். அடியில் குறுக்குக் கட்டை வைத்து முட்டுக் கொடுத்த பிறகே யாரும் மேலே ஏறலாம். ஏறுகிறவர் தளத்தில் நேராகக் கால் வைக்காமல், பல சட்டங்களின் மேல் பரவும் நீண்ட பலகையில் நின்று, ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகப் பிரித்து வர வேண்டும். நடுவில் ஓட்டை போட்டுத் தொடங்கக் கூடாது. இடிக்கும் வேலைக்கான பாதுகாப்பு விதிகள் ஐ.எஸ். 4130இல் உள்ளன, சிறு வீட்டுக்கும் அவை பொருந்தும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும் நாளில் தனிக் கவனம் வேண்டும். கல் தண்ணீரில் விழுந்தவுடன் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றுபவருக்குக் கண்ணாடியும் கையுறையும், பக்கத்தில் ஒரு தொட்டி நல்ல தண்ணீரும் வேண்டும். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்புக் குழியைச் சுற்றி அடைப்பில்லாமல் ஓர் இரவு விடுவதும் ஆபத்து; நீறிய பின்னும் பல மணி நேரம் அதன் சூடு ஆறாது.

கேள்வி: கீழ்நிலைத் தொட்டியில் கசிவு. இருவர் வந்து ஒரே நாளில் உட்புறம் பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கக் கூடாது என்பதை முதலில் பாருங்கள். நீண்ட நாள் மூடிக் கிடந்த தொட்டியில், அழுகிய சேறும் துருவும் பிராணவாயுவைத் தின்றுவிட்டிருக்கும். சாதாரணக் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு, 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. கரைப்பான் கலந்த பூச்சு என்றால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; அடியில் தேங்கி மயக்கத்தைத் தரும், ஒரு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். பெட்ரோல் பம்பைத் தொட்டிக்குள்ளோ வாயருகிலோ ஓட்டினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் கொல்லும்.

எல்லா மூடிகளையும் திறந்து, ஊதுவிசிறியால் காற்றை அடிவரை செலுத்தி, கருவியால் அளந்த பிறகு ஒருவர் இறங்கட்டும். மேலே உள்ளவர், உள்ளிருப்பவரின் வாரில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே இருக்க வேண்டும். தேநீர் வாங்கக்கூடப் போகக் கூடாது. உள்ளே மயங்கினால் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும். காப்பாற்றக் குதித்த இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். உடனே 101க்கும் 108க்கும் அழையுங்கள். நீரற்ற நாட்களுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாடகைக்கு வைத்துவிட்டால், தண்ணீர் எப்போது வரும் என்று வேலையாட்களை நீங்கள் அவசரப்படுத்த நேராது. திறந்த மூடியருகே குழந்தைகளை விட வேண்டாம்.

கேள்வி: மூன்று விலைப்புள்ளிகள் வந்துள்ளன, மிகக் குறைந்ததற்கும் அடுத்ததற்கும் நான்கு லட்சம் வித்தியாசம். உறுப்பினர்கள் குறைந்ததையே கேட்கிறார்கள். தொழிலாளி விழுந்தால் சங்கத்துக்குப் பொறுப்பு உண்டா?
— ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: அந்த நான்கு லட்சம் எங்கிருந்து குறைந்தது என்று கேளுங்கள். சாரம், முட்டு, வார், வலை, காப்பீடு, பொறுப்பாளர் சம்பளம் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக விலை குறித்துத் தரும்படி மூவரிடமும் திரும்பக் கேட்டால் விடை தானே தெரியும். பாதுகாப்பைச் சதுர அடி விலைக்குள் அடக்கிவிட்டால், வேலை இறுகும்போது ஒப்பந்ததாரர் முதலில் கைவைப்பது அதில்தான். தனி வரியாக இருந்தால், கட்டிய சாரத்தை அளந்து பார்த்துப் பணம் கொடுக்கலாம், கட்டவில்லையென்றால் நிறுத்திவைக்கலாம்.

பொறுப்பைப் பொறுத்தவரை, தொழிலாளியை நேரடியாக அமர்த்தியவர் ஒப்பந்ததாரர் என்பதால் இழப்பீட்டுக் கடமை முதலில் அவருடையது. ஆனால் காப்பீடே இல்லாத ஒருவரை அமர்த்திவிட்டு, உடைந்த சாரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வழக்கிலிருந்து எளிதில் விலகிவிட முடியாது. ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு, குடியிருப்போரும் வழிப்போக்கரும் காயமடைந்தால் ஈடு தரும் மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆகிய இரண்டின் நகலும், வேலை முடியும் தேதிவரை செல்லுபடியாகும்படி, முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஒரு கழிப்பறையையும் குடிதண்ணீரையும் நிழலில் ஓர் இடத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள். சித்திரை வெயிலில் சாரத்தின்மேல் நிற்பவருக்குத் தலைசுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிக்கிறார்கள். வாட்ச்மேன் அறைக் கழிப்பறையைக்கூடத் தர மறுக்கும் சங்கங்கள் இருப்பது வெட்கக்கேடு.

கேள்வி: நான் மேஸ்திரி. ஐயா எழுதுவதெல்லாம் சரி. ஆனால் குடியிருப்பவர்கள் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். சாரத்தில் துணி காயப்போடுகிறார்கள். மெயினை அணைத்தேன் என்றார்கள். சுவரில் சிப்பிங், அதாவது செதுக்கும் வேலை செய்த பையனுக்கு ஷாக் அடித்தது. நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் குறை முழுக்க நியாயமானது. மின்சார விஷயத்தை முதலில் சொல்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை அணைத்த அடுத்த நொடியே அது விளக்குக்கும் விசிறிக்கும் போகும் கம்பிகளில் மின்சாரத்தை ஏற்றிவிடும். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, மின்பணியாளர் சோதித்த பிறகு உளியை வையுங்கள். பொதுச்சுவரில் பக்கத்து வீட்டுக் கம்பியும் ஓடலாம். அணைத்த சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியை உளி பிடிக்கும் பையனிடமே கொடுத்துவிடுங்கள்.

கயிறு கட்டினால் அவிழ்ப்பார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாததால் அவிழ்க்கிறார்கள். ஆகவே நுழைவாசலின் மேல் தடித்த பலகையால் கூரை போட்டு, நடக்க ஒரே ஒரு பாதையை விட்டு, மற்ற இடங்களைத் தகரத்தால் அடையுங்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பும் காலை நேரத்திலும், குழந்தைகள் திரும்பும் மாலையிலும் தலைக்கு மேலான வேலை வேண்டாம். அந்த நேரத்தில் சாந்து கலக்கலாம், கம்பி வளைக்கலாம். நாளை எந்தப் பக்கம் வேலை, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எத்தனை மணிக்கு உடைக்கும் சத்தம் என்பதை முந்தின மாலையே செயலாளரின் கைப்பேசிக்கு அனுப்புங்கள். தெரிந்துகொண்டவர்கள் ஒத்துழைப்பார்கள்.

உங்கள் ஆட்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரையும் நிறுத்தி, அன்றைய ஆபத்து எது என்பதை அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்லவையுங்கள். "நிறுத்து" என்ற ஒரு சொல்லையாவது எல்லோருக்கும் தமிழிலும் இந்தியிலும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்; அதை யார் கத்தினாலும், மூன்றாம் மாடிப் பாட்டியாக இருந்தாலும், கையிலுள்ள கருவியை அணைத்துவிட வேண்டும் என்பதை வேலையின் விதியாக வையுங்கள். மாலையில் கிளம்பும்போது சாரத்தின் கீழ்த்தட்டு ஏணியை எடுத்துப் பூட்டிவிடுங்கள், தற்காலிக மின் இணைப்பைத் துண்டியுங்கள், நடைபலகையில் கரண்டியோ கல்லோ மீதமில்லை என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். துணி காயப்போடுகிறவர்களைப் பற்றிச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தத் தாளின் நகலில் அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.